கல்லுக்கும் கதைக்கும் நடுவே: ஒரு வாசிப்பு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு (ஆடி 18)

இன்று ஆடிப்பெருக்கு. பொன்னியின் செல்வனைக் கையில் எடுக்க இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. கதை தொடங்குவதே ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரையில்தான். குதிரைமேல் ஒரு வாலிபன் வருகிறான். அரசனும் அல்ல, இளவரசனும் அல்ல. ஓலை கொண்டுபோகும் தூதன்.

சரித்திரக் கதையின் பாதிச் சூட்சுமம் இந்தத் தொடக்கத்திலேயே இருக்கிறது. ராஜராஜனை நடுவில் வைத்து எழுதினால் ஆசிரியரின் கை கட்டுப்பட்டுவிடும். அவன் 985-இல் அரியணை ஏறுவான், 1014 வரை ஆள்வான் என்று வாசகருக்கு முன்பே தெரியும். எத்தனை வாள் பாய்ந்தாலும் பதற மாட்டார். தூதனுக்கு அந்தக் காப்பு இல்லை. எந்த அரண்மனையிலும் நுழையலாம், உளறலாம், அடி வாங்கலாம், இரண்டு கட்சிக்காரர் வீட்டிலும் சாப்பிடலாம். ஐரோப்பாவில் வால்டர் ஸ்காட் 1814-இல் 'வேவர்லி'யில் கையாண்ட உத்தியும் இதுதான்: பெரிய பெயர்களை ஓரத்தில் நிறுத்து, சின்னப் பெயரை நடுவில் நடக்கவிடு.

கல்கி இதில் ஒரு படி கூடவே போனார். அவருடைய தூதன் வந்தியத்தேவன் முழுக் கற்பனை அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் அக்கா குந்தவையைச் சொல்லும்போது வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று வருகிறது. கல்லில் அவருக்குக் கிடைத்தது கணவர் என்ற இடம் மட்டும். அந்த ஒரு வரியிலிருந்து ஐந்து பாக நாயகன் முளைத்தான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பலர் இந்தக் கதையைக் கைவிடும் இடம் கடம்பூர் மாளிகை. பெயர்கள் அங்கேதான் வண்டி வண்டியாக வந்து இறங்குகின்றன. கதை அலுப்பதில்லை, யார் யார் என்று தெரியாமல் போவதால் புத்தகம் மூடப்படுகிறது.

இதற்கு ஒரு பக்கத் தாள் போதும். நான்கு பத்தி போட்டுக்கொள்ள வேண்டும்: பெயர், வேறு பெயர்கள், யாருக்கு என்ன உறவு, எந்தப் பக்கம். இரண்டாவது பத்திதான் உயிர். அருள்மொழிவர்மன், பொன்னியின் செல்வன், ராஜராஜன் மூன்றும் ஒருவரே. சுந்தர சோழரும் இரண்டாம் பராந்தகரும் ஒருவரே. மதுராந்தகர் என்ற பெயரை மட்டும் பென்சிலில் எழுதுவது நல்லது. காரணம் ஐந்தாம் பாகத்தில் இருக்கிறது.

சோழர்கள் வாசகருக்கு ஓர் உதவி செய்து வைத்திருக்கிறார்கள். அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். உத்தம சோழர் பரகேசரி, அடுத்து வந்த ராஜராஜன் ராஜகேசரி, அவன் மகன் ராஜேந்திரன் பரகேசரி. பரம்பரைப் படத்தில் ரா, ப என்று பட்டத்தின் முதல் எழுத்தைப் பக்கத்தில் குறித்துக்கொண்டால் தலைமுறை குழம்பாது.

ஒரு எச்சரிக்கை. பெயர் குழம்புகிறதென்று இணையத்தில் தேடக் கூடாது. முதல் வரியிலேயே அந்த ஆள் எப்படிச் செத்தார் என்று போட்டிருப்பார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. கதை தொடங்கும் அதே ஏரியின் பக்கத்து ஊர். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே உண்டு. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை, அதாவது ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனை, கொன்ற துரோகிகள் என்று சொல்லி, சோமன், ரவிதாசன் முதலானவர்களின் பெயர்களை அது அடுக்குகிறது. அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய நிலம் பறிமுதலான செய்தி அது. நில ஆவணத்தின் குரலில்தான் பேசுகிறது. கொலையை ஏன் செய்தார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை.

சரித்திரக் காதல் கதைகளின் மொத்த ஈர்ப்பும் அந்த 'ஏன்' என்ற ஓட்டையில்தான் குடியிருக்கிறது.

கொலை நடந்தபின் அரியணைக்கு வந்தவர் அருள்மொழிக்குச் சிற்றப்பா முறையான உத்தம சோழர். குற்றவாளிகள்மேல் நடவடிக்கை கல்லில் ஏறியதோ அவர் காலம் முடிந்து ராஜராஜன் வந்தபின். நடுவில் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இதைப் பார்த்த வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழர்மேல் ஐயம் கொண்டார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. திருவாலங்காட்டுச் செப்பேடோ, சிற்றப்பாவுக்கு ஆசை இருக்கும்வரை அரியணையை மனத்தாலும் விரும்ப மாட்டேன் என்று அருள்மொழி ஒதுங்கினான் என்கிறது. அது தியாகமா, அரசியல் உடன்பாடா? செப்பேட்டைப் பொறித்தவர்கள் ராஜேந்திரனின் ஆட்கள். தகப்பனைக் குறைத்து எழுத மாட்டார்கள்.

இந்த நான்கு புள்ளிகளுக்கும் நடுவே கோடு போடுவதுதான் நாவலாசிரியர் வேலை. புள்ளியை நகர்த்தினால் வாசகர் ஏமாற்றமடைவார். புள்ளியே இல்லாமல் கோடு போட்டால் அது வெறும் ராஜா ராணிக் கதை. கல்கி நந்தினி என்ற பெண்ணை அந்த இடைவெளியில் கொண்டுவந்து நிறுத்தினார். கல்வெட்டில் அவள் இல்லை. ஆனால் அவளை எடுத்துவிட்டால் கொலைக்குக் காரணம் சொல்ல நாதி இல்லை. அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதால்தான் நந்தினியை வரலாற்றுப் பெண்ணென்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

செவ்வாயன்று போட்ட தாளில் ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்க்கலாம். க: கல்வெட்டிலோ செப்பேட்டிலோ செயலோடு இருப்பவர். பெ: பெயர் மட்டும் உள்ளவர். ப: படைப்பு. ஆதித்த கரிகாலன் க, வந்தியத்தேவன் பெ, நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் ப. நிரப்பி முடித்ததும் ஒன்று கண்ணில் படும். பரபரப்பான காட்சிகளில் பெரும்பாலும் ஒரு 'ப' இருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பதிப்பு பற்றிச் சுருக்கமாக. கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையானதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். விலை குறைந்தது, சுருக்கப் பதிப்புகளும் பெருகின. வாங்குமுன் அத்தியாய எண்ணிக்கையைப் பார்த்துவிட வேண்டும்: 57, 53, 46, 46, 91. மொத்தம் 293. குறைந்தால் வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். வெட்டும்போது முதலில் பலியாவது ஆற்றங்கரை வருணனையும் ஆசிரியர் வாசகரிடம் நேரே பேசும் இடங்களும். அவை போனால் மிஞ்சுவது சதித்திட்டத்தின் எலும்புக்கூடு.

இரவுக்கு 3 அத்தியாயம் என்றால் 98 நாள். வார இதழில் மூன்றரை ஆண்டு, 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை ஓடிய கதை இது. அத்தியாய முடிவெல்லாம் அடுத்த இதழ்வரை தாங்கும்படி முடிச்சுப் போட்டவை. ஒரே மூச்சில் முப்பது அத்தியாயம் படித்தால் அந்த முடிச்சுகளே எரிச்சலாகும்: மறுபடியும் ஓர் அலறலா, மறுபடியும் இருட்டில் ஓர் உருவமா என்று.

ஆகஸ்ட் 16, சனி

காதலுக்கு வருவோம். பழைய காலத்துக் காதல் ஏன் இன்னும் இழுக்கிறது?

எளிய விடை, தடை இலவசமாகக் கிடைக்கிறது. இக்காலக் காதல் கதையில் இரண்டு பேரைப் பிரித்துவைக்க ஆசிரியர் படாத பாடு படுகிறார். ஒரு போன் அழைப்பில் தீரும் பிணக்கை இருநூறு பக்கம் இழுக்க வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் அந்தத் தொல்லை இல்லை. காஞ்சியிலிருந்து தஞ்சைக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். ஒரே குதிரையில் நாள்தோறும் போனால் நாளுக்கு 40, 50 கிலோமீட்டர்தான் தாங்கும். ஓலை போய்ச்சேர ஐந்தாறு நாள், பதில் வர இன்னொரு ஐந்தாறு நாள். அதற்குள் ஒரு சாம்ராச்சியம் கைமாறலாம். இங்கிலாந்தின் ரீஜென்சி காலக் காதல் கதைகள் 1811 முதல் 1820 வரையான ஒன்பதே ஆண்டுகளைக் களமாக வைத்து ஒரு தனி வகையாக வளர்ந்ததும் இப்படித்தான். துணைக்கு ஆள் இல்லாமல் ஒரு பெண் ஓர் ஆணோடு பேசினாலே பெயர் கெடும் என்ற விதி இருந்தது. விதி அவ்வளவு இறுக்கம் என்றால் கையுறையைக் கழற்றுவதே பெரிய சம்பவம். 1930-களில் ஆங்கில நாவலாசிரியை ஜார்ஜெட் ஹேயர் வார்த்த அச்சு இன்றுவரை தேயவில்லை.

தமிழில் இன்னொரு காரணமும் உண்டு என்று தோன்றுகிறது. அகத்திணையில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் வந்தால் அது அகம் அல்ல. காதல் யாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். பெயர், ஊர், கொடி, வெற்றி எல்லாம் புறத்துக்கு உரியவை. சரித்திர நாவல் இந்த வேலியை வேண்டுமென்றே தாண்டுகிறது. காதலர்களுக்குப் பெயரும் கொடியும் கொடுத்து, அகத்தைப் புறத்தின் நடுவே கொண்டுவந்து வைக்கிறது. கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தைப் பாருங்கள். பல்லவன் நரசிம்மவர்மன் 642-இல் வாதாபியை வென்றது சரித்திரம்; சிவகாமி கற்பனை. அவளுக்குக் கொடுத்த வாக்கை அவன் நிறைவேற்றுகிறான். நிறைவேற்றுவதற்குள் வேறொருத்திக்குக் கணவனாகிவிடுகிறான், ஏனென்றால் பல்லவ நாட்டுக்குப் பாண்டிய உறவு தேவை. புறத்தில் வெற்றி, அகத்தில் தோல்வி, ஒரே செயலால் இரண்டும். சாதாரண ஆண் பெண்ணுக்கு இந்தக் கதையை எழுதிப் பாருங்கள், நிற்காது.

ரீஜென்சி கதை போன்ற வகைமைக் காதல் நாவலில் சுப முடிவு ஓர் ஒப்பந்தம். சேருவார்களா என்று யாரும் கேட்பதில்லை, எப்படிச் சேருவார்கள் என்பதே கேள்வி. கல்கி எழுதியது போன்ற சரித்திரக் காதலில் அந்த ஒப்பந்தம் இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் முதல்வகையின் எதிர்பார்ப்போடு இரண்டாவதை எடுப்பவர்கள்தான் கடைசிப் பக்கத்தில் புத்தகத்தை வீசுகிறார்கள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சரித்திரக் கதைகளின் குறையையும் எழுதிவிட வேண்டும். நாயகி குளத்திலிருந்து எழுந்தால் நான்கு பக்கம் வருணனை. அவள் என்ன நினைக்கிறாள் என்பதற்கு நான்கு வரி இல்லை. நாயகனுக்கோ வாள், வில், நீச்சல், கப்பல், ஒற்று, கவிதை எல்லாம் தெரியும். இப்படியான பக்கங்களைத் தாண்டிப் படிப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. அடுத்த உரையாடலின் மேற்கோள் குறிவரை கண்ணை ஓட்டினால் போதும், கதை அங்கேயே நிற்கும்.

ஆகஸ்ட் 23, சனி

காலப் பிழை பிடிப்பது ஒரு தனி ருசி. எளிதில் மாட்டுவது சமையலறை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முந்திரி, பப்பாளி, அன்னாசி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1498-இல் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகே இங்கே எட்டிப் பார்த்தன. சோழர் காலத்துக் குழம்பில் காரம் என்றால் மிளகு. புகையிலையும் அப்படியே, சோழ வீரன் சுருட்டுப் பிடித்தால் புத்தகத்தை மூடிவிடலாம்.

அடுத்தது நேரம். 'ஐந்து நிமிடத்தில் வருகிறேன்' என்று ஒற்றன் சொல்லக் கூடாது. நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம். ஜாமம் ஏழரை நாழிகை, மூன்று மணி நேரம். இது தெரிந்தால் காட்சியே மாறும். 'மூன்றாம் ஜாமத்தில் கோட்டை வாசலுக்கு வா' என்றால் நள்ளிரவிலிருந்து மூன்று மணிவரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். காத்திருப்பவன் வியர்க்கத்தான் வேண்டும்.

மூன்றாவது குதிரை. நல்ல குதிரை அரபு நாட்டிலிருந்து கடல்வழி வந்தது, விலை அதிகம். ஒரே குதிரை இரவு பகல் நாலுகால் பாய்ச்சலில் ஓடினால், எழுதியவர் குதிரையை மோட்டார் சைக்கிள் என்று நினைத்திருக்கிறார்.

பேச்சு மொழியைப் பிழையாக எண்ண வேண்டியதில்லை. பத்தாம் நூற்றாண்டுத் தமிழில் எழுதினால் யார் படிப்பது? ஆனால் படகோட்டியும் பட்டத்தரசியும் ஒரே வாய்க்காரர்களாகப் பேசினால் அது பிழைதான். மிளகாயைக்கூட மன்னிக்கலாம்.

ஆகஸ்ட் 30, சனி

மிகுபுனைவு, மாயக் கதை, ஃபேன்டஸி. பெயர் எதுவானாலும் சிக்கல் ஒன்றுதான். சரித்திரக் கதைக்குக் கல்வெட்டு சுவர் எழுப்பித் தருகிறது. மாயக் கதை தன் சுவரைத் தானே எழுப்ப வேண்டும். எதுவும் நடக்கலாம் என்றால் எதற்கும் பயப்பட வேண்டாம்.

சுவர் எழுப்பத் தெரிந்தவர்கள் நம்மிடம் முன்பே இருந்தார்கள். மணிமேகலையின் அமுதசுரபியைப் பாருங்கள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். ஆனால் மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் ஆண்டுக்கு ஒரே நாள், வைகாசிப் பௌர்ணமியில்தான் மேலெழும். மணிமேகலை கையில் வந்தபின்னும் முதல் பிச்சை ஆதிரையின் கையால் விழ வேண்டும். இவற்றைவிடக் கெட்டிக்காரத்தனமான எல்லை, அந்தப் பாத்திரத்தை முன்பு வைத்திருந்த ஆபுத்திரன் கதையில் இருக்கிறது. அவனை வெல்ல இந்திரன் செய்தது பாத்திரத்தைப் பிடுங்கும் வேலை அல்ல, மழையைப் பொழிவித்தான். நாடு செழித்தது, பசித்தவர் இல்லை, பாத்திரத்துக்கு வேலை இல்லை. பசியில்லாத இடத்தில் அமுதசுரபி வெறும் ஓடு.

புது மாயக் கதையைச் சோதிக்க மூன்று கேள்வி போதும். சக்தி எங்கிருந்து வருகிறது? எங்கே நிற்கிறது? பயன்படுத்துபவர் எதை இழக்கிறார்? முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் விடை வந்துவிட வேண்டும். உச்சக்கட்டப் போரில் திடீரென்று 'இந்த வாளுக்கு இன்னொரு சக்தியும் உண்டு' என்று வந்தால் ஆசிரியர் வழுக்கிவிட்டார்.

முன்பக்க வரைபடத்தை மனப்பாடம் செய்துவிட்டு உள்ளே போகிறவர்கள் உண்டு. பயனில்லை. யாரும் நடக்காத ஊர்ப்பெயர் தலையில் தங்காது. ஒருவர் பயணம் கிளம்பியதும் திரும்பிப் பார்த்தால் போதும்.

ஒரு தற்செயல்: பொன்னியின் செல்வன் 1954 மே மாதம் முடிந்தது. ஜூலையில் லண்டனில் டோல்கீனின் மோதிரக் கதையான 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலின் முதல் பகுதி வெளிவந்தது. ஒருவர் ஆறுகளை வரலாற்றிலிருந்து எடுத்தார், இன்னொருவர் ஆறுகளையே வரைந்தார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மூன்று மூன்றாகக் கணக்குப் போட்டால் இன்றிரவு 91 முதல் 93 வரை, அதாவது இரண்டாம் பாகத்தின் 34, 35, 36. ஈழத்துப் பகுதி. சுந்தர சோழர் காலத்தில் ஈழப் போர் நடந்ததும், கொடும்பாளூர்ச் சிறிய வேளார் அங்கே மடிந்ததும் கல்வெட்டுச் செய்திகள். சிறிய வேளார் பெயருக்கு எதிரே 'க' போட்டாயிற்று. இனி இந்த மூன்று அத்தியாயத்திலும் பேசுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த எழுத்து கிடைக்கிறது என்று தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.