ஜன்னலுக்கு மேல் ஒரு பெருக்கல் குறி

ஜூன் 8, ஞாயிறு

பழைய பேப்பர் வியாபாரி காலையிலேயே போன் செய்துவிட்டார். "சார், ஒரு செருப்புப் பெட்டி நிறைய கார்டு வந்திருக்கு. நீங்க பாத்துட்டுத்தான் மத்தவங்களுக்கு." எல்லோரிடமும் இதையேதான் சொல்வார். இருந்தாலும் போனேன்.

நூறு கார்டு இருக்கும், எல்லாம் பழைய படத் தபால் அட்டைகள். முக்கால்வாசி சுவிட்சர்லாந்து மலைகள். மெட்ராஸ் கார்டு ஆறே ஆறு. அவற்றில் இரண்டு ஒரே படம்: பர்ஸ்ட் லைன் பீச் தெருவில் ஜெனரல் போஸ்ட் ஆபீஸ், கட்டடத்துக்கு மட்டும் கையால் பூசிய சிவப்பு. ஒன்று யாரும் எழுதாமல் புத்தம் புதுசாக இருந்தது. மற்றது தபாலில் போனது. நான்கு முனையும் மழுங்கி, படத்தில் ஒரு ஜன்னலுக்கு மேல் மசியால் பெருக்கல் குறி வேறு. புதுசுக்கு 900, இதற்கு 350. "படத்து மேலயே கிறுக்கி வெச்சிருக்கான் சார், அதான் கம்மி."

கிறுக்கலைத்தான் வாங்கி வந்தேன்.

ஜூன் 9, திங்கள்

பின்பக்கம் யாரோ பென்சிலில் '1902' என்று எழுதியிருக்கிறார்கள். வருஷம் பின்னால் போகப் போக விலை ஏறும், அதனால் பென்சிலை நான் நம்புவதில்லை. முத்திரையில் நாளும் மாதமும் படிக்க முடிகிறது. வருஷம் இருக்க வேண்டிய இடத்தில் மை அப்பிக் கிடக்கிறது.

சரி, தபால்தலையைக் கேட்போம் என்று லென்ஸை எடுத்தேன். ஏழாம் எட்வர்ட் மன்னர் படம், ஓரணா சிவப்பு. முகவரி இங்கிலாந்து, ஆக ஓரணா சரிதான். உள்நாட்டுக்குக் கால் அணா போதும். தபால்தலையில் வெறும் 'இந்தியா போஸ்டேஜ்' இல்லை, 'போஸ்டேஜ் அண்ட் ரெவின்யூ' என்று இருக்கிறது. 1906-க்கு முன்னால் அப்படி ஒரு ஓரணாத் தலை வரவே இல்லை. பென்சில்காரரின் கணக்கில் நான்கு வருஷம் அங்கேயே உதிர்ந்தது.

பின்பக்கம் நடுவில் கோடு இருப்பதும் ஒரு சாட்சி. ஆரம்பத்தில் அந்தப் பக்கம் முகவரிக்கு மட்டும்தான்; சேதியைப் படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுத வேண்டும். பாதியில் சேதி எழுதலாம் என்று பிரிட்டனே 1902-ல்தான் விட்டது.

ஜூன் 14, சனி

இன்று கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

என்னிடம் ஒரு எம்டன் கார்டு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் குண்டு போட்டதில் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தனவே, அந்தப் புகை. சேகரிக்கத் தொடங்கிய புதிதில், ஒட்டும் பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள கல்யாண ஆல்பத்தில் அதை வைத்துத் தொலைத்தேன். பசை மஞ்சளாகி இறுகிவிட்டது. பல் இடுக்கில் விடும் நூலை அட்டைக்கு அடியில் நுழைத்து, ரம்பம் மாதிரி மெல்ல இழுத்தேன். முக்கால்வாசி நன்றாக வந்தது. அப்புறம் அவசரம். பின்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு தோல் உரிந்து ஆல்பத்திலேயே தங்கிவிட்டது, அதில் இருந்த ஒன்றரை வரி எழுத்தோடு.

முன்பக்கம் பழுதில்லை, விற்றால் விலை பெரிதாகக் குறையாது என்று வியாபாரி ஆறுதல் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஜூன் 19, வியாழன்

அலுவலகத்துத் தம்பி தாத்தா பெட்டியிலிருந்து முப்பது கார்டு கொண்டுவந்து, "அண்ணே, எவ்வளவு தேறும்?" என்றான். மெரினா, ஹைகோர்ட் எல்லாம் கட்டுக்கட்டாக அச்சிட்டவை, பெரிதாகப் போகாது. சின்ன ஊர் ஸ்டேஷன், கடைத்தெரு என்றால் போட்டி போட்டு வாங்குவார்கள். லென்ஸில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. புள்ளியே இல்லாமல் குழைந்து போனால் நிஜப் போட்டோ, விலை வேறு. அவனிடம் அப்படி ஒன்று இருந்தது. ஆனால் தபால்தலையை யாரோ சிறுவயதில் ஆல்பத்துக்காகக் கிழித்திருக்கிறார்கள். "அப்பாதான்" என்றான்.

இரவு என் கார்டின் சேதியை ஒருவழியாகப் படித்து முடித்தேன். சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்து, அம்மாவுக்கு. குறி போட்ட ஜன்னலுக்குப் பின்னால்தான் தன் மேஜை இருக்கிறதாம். இந்தக் கார்டையும் கீழே இருக்கும் பெட்டியில்தான் போடப் போகிறாராம்.

ஜூன் 21, சனி

கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, இப்போது ராஜாஜி சாலை ஆகிவிட்ட அந்தத் தெருவில் நடந்தேன். 1884-ல் திறந்த கட்டடம், பூசிய சிவப்பை விட நிஜச் சிவப்பு கொஞ்சம் மங்கல். எதிர்ப்பக்கம் நின்று கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு இடதுபுறக் கோபுரத்திலிருந்து எண்ணினேன். லாரி குறுக்கே வந்து இரண்டு தடவை கணக்குத் தவறியது.

"என்ன சார் தேடுறீங்க?" என்றார் டீக்கடைக்காரர். கார்டைக் காட்டினேன். டீயைக் கீழே வைத்துவிட்டு அவரும் எண்ணினார்.

"அதோ, அந்த ஏசி பெட்டி தொங்குதே, அதுக்கு அடுத்தது."

ஜன்னல் கதவு சாத்தியிருந்தது. விளிம்பில் இரண்டு புறா.