சுருதிக்குள் அடங்காத வாத்தியங்கள்

படத்தில் ஆவி வந்தாலும் சரி, வேற்றுக்கிரகத்திலிருந்து பறக்கும் தட்டு இறங்கினாலும் சரி, பின்னணியில் ‘ஊ…’ என்று இழுபடும் ஓர் ஓசை கேட்கும். கேட்டவுடன் “தெரமின்” என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. தொடாமல், காற்றில் கையசைத்தே வாசிக்கும் மின்கருவி அது. பல சமயம் கேட்பது தெரமினே இல்லை. வில் போட்டு வாசித்த ரம்பமாக இருக்கும், ஓந்த் மார்தெனோ என்ற இன்னொரு மின்கருவியாக இருக்கும், சில சமயம் வார்த்தையில்லாமல் பாடும் ஒரு பெண்குரலாகக்கூட இருக்கும்.

காதால் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஸ்வரம் எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். தெரமினில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பெரும்பாலும் இடையில் இருப்பதையெல்லாம் தடவிக்கொண்டேதான் போகும். ரம்பத்தில் ஆரம்பத்தில் வில்லின் லேசான உரசல் இருக்கும், பிறகு மணியோசை போலத் தேய்ந்து அடங்கும். ஓந்த் மார்தெனோவுக்கு விசைப்பலகை உண்டு, அதனால் இடையில் எதையும் தொடாமல் சட்டென்று தாவவும் அதனால் முடியும்.

ஆர்கெஸ்ட்ராவில் இவற்றுக்கெல்லாம் நிரந்தர நாற்காலி கிடையாது. சுருதி நிற்காது, அல்லது ஒரே சுருதியில்தான் நிற்கும், அல்லது முதல் டேக்கில் வந்தது இரண்டாம் டேக்கில் வராது. மேடையில் இதெல்லாம் குறை. படத்துக்கு அந்தக் குறையேதான் தேவைப்படுகிறது. எனக்குப் பிடித்த சிலவற்றை அந்தக் கோணத்திலிருந்தே எழுதுகிறேன்.

தெரமின் 1920 வாக்கில் ரஷ்யாவில் லேவ் தெர்மென் செய்தது. உள்ளே இரண்டு ரேடியோ அலையியற்றிகள், அதாவது மின்னலை எழுப்பும் சுற்றுகள். ஒன்றின் அதிர்வெண் மாறாது, மற்றொன்றினுடையது கை நெருங்க நெருங்கக் குறையும். உதாரணமாக, இரண்டும் 2,60,000 ஹெர்ட்ஸில் இருந்தால் வித்தியாசம் பூஜ்யம், எதுவும் கேட்காது. வலது கை செங்குத்துக் கம்பியை நெருங்கி, ஒன்று 2,59,560 ஆக இறங்கினால் வித்தியாசம் 440 ஹெர்ட்ஸ். அதுதான் ஸ்பீக்கரில் வருகிறது. இடது கை பக்கவாட்டில் இருக்கும் வளையத்துக்கு மேலே நிற்கும். கையை இறக்கினால் ஓசை அடங்கும், தூக்கினால் பெருகும். ஸ்வரத்தைத் துண்டாகப் பிரிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் இடது கையை இறக்கி ஏற்ற வேண்டும். புதிதாக வாசிப்பவர்களுக்கு எல்லாமே வழுக்கிக்கொண்டு போவது இதனால்தான்.

ஸ்டூடியோவில் முதலில் கெடுவது வாசிப்பு இல்லை, மின்புலம். கருவியைப் போட்டதும் வாசிக்கத் தொடங்கக் கூடாது. சூடேறும்வரை சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் கால் மணி நேரமாவது விட்டுவிட வேண்டும். பிறகு வாசிப்பவர் தான் நிற்கப்போகும் இடத்தில் நின்று, வலது கையைத் தோளோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஓசை இறங்கி இறங்கிக் காணாமல் போகும் புள்ளி வரை சுருதிக் குமிழைத் திருகுவார். அதன்பின் ஓரடி நகர்ந்தாலும் திரும்பச் சரிசெய்ய வேண்டும். அவர் உடம்பும் அந்தச் சுற்றின் ஒரு பாகம்தான். பக்கத்தில் இரும்பு மைக் ஸ்டாண்டு, நடந்துபோகும் உதவியாளர், எர்த் இல்லாத மின்இணைப்பு என்று எதுவும் போதும் சுருதியைக் கலைக்க. கம்பிக்கு அருகில் போகப் போக ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். மேல் ஸ்தாயியில் விரல் நுனி சற்று அசைந்தாலே அரை ஸ்வரம் தப்பிவிடும். தெரமின்காரர்கள் எல்லாரும் கையை ஏன் அப்படி நடுக்குகிறார்கள் என்றால், அந்த நடுக்கத்துக்குள் சுருதிப் பிசகு மறைந்துகொள்ளும். அழகுக்காக என்று சொல்வதெல்லாம் பாதி உண்மை.

1945இல் ஸ்பெல்பவுண்ட் படத்துக்கு மிக்லோஷ் ரோஜா இதை மனப்பிறழ்வுக் காட்சிகளில் பயன்படுத்தினார். வாசித்த சாமுவேல் ஹாஃப்மன் தொழிலால் பாத மருத்துவர். 1951இல் பெர்னார்ட் ஹெர்மன் த டே த எர்த் ஸ்டுட் ஸ்டில் படத்தில் இரண்டு தெரமின்களை வைத்தார். இரண்டு சேரும்போது எதுவுமே துல்லியமாக ஒட்டாது. அந்த ஒட்டாமைதான் அங்கே இசை.

ஓந்த் மார்தெனோ 1928இல் வந்தது. செய்தவர் மோரிஸ் மார்தெனோ, செல்லோ கலைஞர். வலது ஆள்காட்டி விரலில் ஒரு மோதிரம், அது ஒரு நூலோடு இணைந்திருக்கும். விசைகளுக்கு முன்னால் அதை நகர்த்தினால் ஓசை வழுக்கும். எந்த இடத்தில் எந்த ஸ்வரம் என்று கண்ணுக்குத் தெரிவதால் தெரமினில் இருக்கும் பாதித் தலைவலி இதில் இல்லை. உயிர் இருப்பது இடது கையில். ஒரே ஒரு சின்ன விசை. எவ்வளவு ஆழம் அழுத்துகிறோமோ அவ்வளவு ஓசை. மூச்சு விடுவதுபோல ஏற்றி இறக்கலாம். லாரன்ஸ் ஆஃப் அரேபியா (1962), கோஸ்ட்பஸ்டர்ஸ் (1984) இரண்டிலும் இருக்கிறது. முன்னதில் மணல்வெளி, பின்னதில் பேய். ஒரே கருவி.

ரம்பம் எல்லாவற்றிலும் எளிது, கேட்கவும் எனக்கு அதிகம் பிடித்தது. கைப்பிடியைத் தொடைகளுக்கு நடுவே இறுக்க வேண்டும், பல்வரிசை நம் பக்கம். இடது கையால் நுனியைப் பிடித்து முதலில் ஒரு பக்கம் வளைத்து, நுனியை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். ஆங்கில ‘எஸ்’ எழுத்து போன்ற நெளிவு வரும். அது முக்கியம். ஒரே பக்கமாக வில் போல வளைத்தால் தகரத்தைத் தட்டிய ஓசைதான் கிடைக்கும். நெளிவில் வளைவு திசை மாறும் இடத்தில் அதிர்வு இருபுறமும் தப்பிக்க வழியின்றி அடைபடுகிறது. பாடுவது அந்தக் கையகல இடம் மட்டும்தான். வில்லை அங்கே, பல் இல்லாத விளிம்பில், செங்குத்தாக ஒரு இழுப்பு இழுத்து உடனே எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் வைத்திருந்தால் வில்லே ஓசையை அமுக்கிவிடும். அதிகம் வளைத்தால் சுருதி ஏறும், கூடவே அந்தப் பாடும் இடமும் நுனியை நோக்கி நகரும். வில் பின்தொடர வேண்டும். விளிம்பில் எண்ணெய்ப் பசை இருந்தால் ரோசின் (வில்லில் பூசும் பிசின்) பிடிக்காது, முதலில் துடைக்காமல் மணிக்கணக்கில் போராடுபவர்கள் உண்டு. ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட் (1975) படத்தில் ஜாக் நிட்ஷே ரம்பத்தையும் கண்ணாடிக் கிண்ண ஓசையையும் சேர்த்திருப்பார். எது எங்கே முடிகிறது என்று சொல்வது கஷ்டம்.

தெரமின் என்று தவறாகச் சொல்லப்படுவதில் ஃபார்பிடன் பிளானட் (1956) தனி ரகம். லூயிஸ், பீபி பாரன் தம்பதி மின்சுற்றுகளைத் தாங்களே கட்டி, தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் செலுத்தி, அவை முனகுவதையும் அலறுவதையும் டேப்பில் பதிந்தார்கள். சுற்று எரிந்துபோனால் அந்த ஓசையும் போச்சு, இன்னொரு டேக் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏமாற்று வேலை இந்தப் பக்கமும் நடந்திருக்கிறது. 1954இல் வந்த நாகின் இந்திப் படத்தில் ஊரையே ஆட வைத்த அந்த மகுடி, மகுடியே அல்ல. கிளாவியோலின் என்ற வால்வு (பழைய ரேடியோக்களில் இருந்த வெற்றிடக் குழாய்) விசைப்பலகை. வாசித்தவர் பிற்பாடு இசையமைப்பாளரான கல்யாண்ஜி. ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்தான் வரும் கருவி அது. மகுடிக்கு அந்த ஒன்றே போதும்.

மோர்சிங்கை மேற்கத்திய வெட்டவெளிக்குக் கொண்டுபோனவர் எனியோ மோரிகோனே. 1965இல் வந்த ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர் படத்தில் அதை ஒளிக்கவே இல்லை. ‘டொய்ங்’ என்று முகத்தில் அறையும். மோர்சிங்கின் ஆதார சுருதி மாறாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். கருவியின் உலோக நாக்கு நுனியில் துளி மெழுகு ஒட்டினால் சுருதி கொஞ்சம் இறங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வேறு மோர்சிங் எடுக்க வேண்டும், இல்லையேல் பாட்டைக் கருவிக்கு ஏற்ற சுருதிக்கு மாற்ற வேண்டும். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று பதிந்துவிட்டுக் கணினியில் சுருதி மாற்றினால், வாய்க்குள் உருவான உயிரெழுத்து ஓசையும் சேர்ந்து நகர்ந்து பொம்மை பேசுவதுபோல ஆகிவிடும்.

டுடுக் பற்றி ஒரு புகார். ஆர்மீனியாவின் வாத்தியம், வாதுமைக்கு உறவான ஆப்ரிகாட் மரத்தில் கடைவது. த லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட் (1988), கிளாடியேட்டர் (2000) இரண்டுக்கும் பிறகு திரையில் கொஞ்சம் மணல் தெரிந்தாலே டுடுக் ஊதுவது என்று ஆகிவிட்டது. ஆர்மீனியா மலைநாடு! ஆனால் கருவியின் மேல் குற்றமில்லை. நாதஸ்வரம் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல்) உண்டு, ஆனால் பெரிது, அகலமானது, ஏறக்குறைய 10 செ.மீ. நீளம். ஒத்தும் உண்டு. இன்னொருவர் மூச்சு விடாமல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்திருப்பார், அதற்கு ‘டாம்’ என்று பெயர். ஒரு ஸ்தாயிக்குச் சற்று மேல்தான் எல்லை, மீதியெல்லாம் உதட்டு வேலை. காய்ந்த சீவாளி வாய்மூடிக் கிடக்கும். உள்ளே சில துளி தண்ணீர் விட்டு உதறி, கால் மணி நேரம் விட்டால் மெதுவாகத் திறக்கும். அவசரப்பட்டு அதிகம் நனைத்தால் அளவுக்கு மீறித் திறந்துகொள்ளும், மூச்சு முழுவதும் வீணாகும், சுருதியும் இறங்கும். அதன் மேலிருக்கும் சின்ன வளையத்தை நகர்த்தித்தான் வாயின் அகலத்தைச் சரிசெய்வார்கள். ஒத்து இல்லாமல் தனியாகப் பதிந்த டுடுக் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்த வீடு மாதிரி எனக்குப் படும்.

ஸிதர் (சிதார் இல்லை, தட்டையான பெட்டியில் கம்பிகள் கட்டிய ஐரோப்பிய வாத்தியம்) ஒன்றை மட்டும் வைத்து முழுப் படத்தையும் ஒப்பேற்றியவர் ஆன்டன் காராஸ், த தர்ட் மேன், 1949. மெட்டு, தாளம், பாஸ் மூன்றையும் ஒரே ஆள் வாசித்துவிடுவார். கட்டை விரல் மோதிரம் கம்பியைக் கொத்தும் சத்தம்கூட மைக்கில் தெளிவாக விழுந்திருக்கும்.

ஹாலிவுட் இசையமைப்பாளர் ஜெரி கோல்ட்ஸ்மித்தைப் பற்றியே தனிப் பதிவு எழுதலாம். பிளானட் ஆஃப் த ஏப்ஸ் (1968) படத்துக்கு மாவு கலக்கும் எவர்சில்வர் கிண்ணங்களை அடித்து வாசிக்க வைத்தார், ஆட்டுக்கொம்பு ஊதவைத்தார், குரங்குக் கூச்சலுக்குக் குயிக்கா என்ற பிரேசில் மேளம். அந்த மேளத்தில் தோலின் உட்புறம் நடுவில் ஒரு குச்சி கட்டியிருக்கும். ஈரத்துணியால் அதை உருவ வேண்டும். துணி காய்ந்தால் பிடித்துக்கொள்ளும், சொட்டச் சொட்ட நனைந்தால் வழுக்கும். ஏலியன் (1979) படத்தில் சங்கும் சர்ப்பென்ட் என்ற பழைய பாம்பு வடிவக் குழலும் வரும். அதே ஆண்டு ஸ்டார் ட்ரெக் முதல் படத்துக்கு கிரெய்க் ஹக்ஸ்லியின் பிளாஸ்டர் பீம். பல அடி நீள அலுமினிய உத்தரத்தில் கம்பிகள், அடியில் கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் மின்காந்த பிக்கப்கள். திரையரங்கில் நாற்காலி அதிரும் அந்த ‘ட்வாங்’ இதுதான்.

கண்ணாடி பாட்டிலையே வாத்தியமாக்கும் கதைக்கு வருகிறேன். ஷோலே (1975) படத்தின் மெஹபூபா பாட்டின் தொடக்கத்தில் ஆர்.டி. பர்மன் பாட்டிலில் ஊதிய ஓசை இருக்கிறது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம், ஆனால் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. பாட்டிலை ஊதும்போது தண்ணீர் ஊற்ற ஊற்றச் சுருதி ஏறும், ஏனென்றால் அதிர்வது உள்ளே இருக்கும் காற்று, அது குறைகிறது. அதே பாட்டிலைக் கரண்டியால் தட்டினால் தண்ணீர் ஊற்ற ஊற்றச் சுருதி இறங்கும், ஏனென்றால் இப்போது அதிர்வது கண்ணாடி, அதற்குச் சுமை கூடுகிறது. ஜலதரங்கத்தில் நடப்பது இதுதான். ஊதுவதில் கணக்கும் நேர்விகிதம் இல்லை. காலிப் பாட்டில் ‘ச’ என்றால், காற்றறையைப் பாதியாக்கினால் மேல் ‘ச’ வராது, ஏறக்குறைய பிரதி மத்தியமம்தான் வரும். மேல் ‘ச’வுக்குக் காற்றறை நாலில் ஒரு பங்காக வேண்டும். ஒரே பாட்டிலில் ஸ்வரம் மாற்றி மாற்றி ஊத முடியாது. ஸ்வரத்துக்கு ஒரு பாட்டில், முடிந்தால் பாட்டிலுக்கு ஒரு ஆள். நாலைந்து முறை தொடர்ந்து ஊதினால் தலை சுற்றும். டேக்குக்கு நடுவே இடைவெளி விடுங்கள்.

புதியவற்றில் ஹால்டோரோஃபோன் ஒன்றைத்தான் இவற்றோடு சேர்ப்பேன். ஐஸ்லாந்துக்காரர் ஹால்டோர் உல்ஃபார்ஸன் செய்தது. பார்வைக்குச் செல்லோ, ஆனால் ஒவ்வொரு கம்பிக்கும் தனி பிக்கப், முதுகில் ஸ்பீக்கர். கம்பியின் ஓசை ஸ்பீக்கர் வழியாகத் திரும்பவும் கம்பியையே அதிர வைக்கும், அது மேலும் பெருகும். வில்லால் தூண்டிவிட்டால் போதும், மற்றதை அதுவே செய்யும். எந்தக் கம்பிக்கு எவ்வளவு ஓசை திரும்பப் போகிறது என்பதைக் குமிழ்களால் அடக்கிப் பிடிப்பதுதான் வாசிப்பு. விட்டால் காதைக் கிழித்துவிடும். ஜோக்கர் (2019) படத்துக்கு ஹில்டுர் குட்னடோட்டிர் பயன்படுத்தியது இதைத்தான்.

கடைசியாக வாட்டர்ஃபோன். திகில் படத்தில் கதவு மெல்லத் திறக்கும்போது கேட்குமே, அது. ரிச்சர்ட் வாட்டர்ஸ் வடிவமைத்தது. அடியில் மூடிய எவர்சில்வர் கிண்ணம், நடுவில் குழாய் போலக் கழுத்து, விளிம்பைச் சுற்றி வெவ்வேறு நீளத்தில் வெண்கலக் கம்பிகள். கழுத்து வழியே தண்ணீர் ஊற்ற வேண்டும், அடித்தகட்டை நனைத்து ஓடும் அளவுக்கு மட்டும். நிறைய ஊற்றினால் அதிக விசேஷமாக இருக்கும் என்று நினைத்து ஊற்றுவார்கள். தகடு அதிர முடியாமல் அமுங்கி, சளக் சளக் என்ற சத்தம்தான் மைக்கில் விழும். கழுத்தைப் பிடித்துத் தூக்கி, ரோசின் போட்ட வில்லால் ஒரு கம்பியை இழுத்து, ஓசை எழுந்தபின் கருவியை மெல்லச் சாய்க்க வேண்டும். தண்ணீர் நகரும்போது தகடு அதிரும் விதம் மாறி ஓசை வளைந்து நெளியும். இழுத்துக்கொண்டே சாய்த்தால் வில் பக்கத்துக் கம்பியில் முட்டும். ஈரக்கையால் வில்லின் மயிரைத் தொட்டால் அன்றைய பதிவு அவ்வளவுதான்.

இதன் ஓசைகளைக் கணினியில் தனித்தனியாகப் பதிந்து விற்கிறார்கள். நன்றாகவே இருக்கும், இரண்டு முறை கேட்கும்வரை. மூன்றாம் முறை அதே நெளிவு அதே நொடியில் வருவது தெரிந்துவிடும், பயம் போய்விடும். நிஜக் கருவி கையில் இருந்தால் பத்து நிமிடம் விடாமல் ஓடவிட்டுப் பதிந்து, படத்துக்கு ஏற்ற துண்டை வெட்டி எடுத்துக்கொள்வது நல்லது. குறித்துக் கொடுத்த நொடியில் குறித்த நெளிவு அதில் வராது. முடிந்ததும் தண்ணீரைக் கழுத்து வழியே கொட்டிவிட்டு, கம்பிகளில் ஒட்டிய ரோசினைத் துடைத்து, கவிழ்த்துக் காயவிடுங்கள்.