டிரெஸ்டன் செம்பர் ஓபராவுக்குள் கேமராவோடு

டிரெஸ்டனுக்குக் குடிவந்த புதிதில் எனக்குத் தெரிந்த ஊர் வீடு, சூப்பர்மார்க்கெட், ஜெர்மன் வகுப்பு, அவ்வளவுதான். வகுப்புக்குப் போகும் டிராம் தியேட்டர்பிளாட்ஸ் சதுக்கம் வழியாகத்தான் போகும். அங்கே நிற்கும் செம்பர் ஓபரா அரங்கத்தை வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சுற்றிக்காட்ட டூர் உண்டு என்று வகுப்பு ஆசிரியை சொன்னதும் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கட்டடக் கலைஞர் காட்ஃப்ரீட் செம்பர் 1841இல் கட்டிய முதல் அரங்கம் 1869இல் எரிந்துபோனது. 1849இல் இங்கே அரசுக்கு எதிராக நடந்த கிளர்ச்சியில் சேர்ந்ததால் அவர் ஊரைவிட்டு ஓட வேண்டியிருந்தது. அதனால் இரண்டாவது கட்டடத்துக்கு அவர் வரைபடம் போட, மகன் மான்ஃப்ரெட் கூடவே நின்று கட்டி, 1878இல் திறந்தார்கள். அதுவும் 1945 பிப்ரவரி 13 இரவு குண்டுவீச்சில் அழிந்தது. கிழக்கு ஜெர்மனி 1977இல் அடிக்கல் நாட்டி, குண்டுவீச்சு நடந்து சரியாக 40 வருடம் கழித்து, 1985இல் அதே பிப்ரவரி 13 அன்று திறந்தது. போரால் மூடுவதற்கு முன் கடைசியாக நடந்த, இசையமைப்பாளர் வேபரின் 'டெர் ஃப்ரைஷூட்ஸ்' ஓபராவைத்தான் திறப்பு விழாவிலும் போட்டார்களாம்.

மேல்மாடிக் கூடத்தில் பச்சையும் சிவப்புமாகப் பளபளக்கிற தூண்களைப் பளிங்கு என்றே நினைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டி அம்மா தொட்டுப் பார்க்கச் சொன்னார். கல்லின் சில்லிப்பு இல்லை! ஜிப்சத்தைப் பசையும் நிறமும் சேர்த்துப் பிசைந்து, அப்பி, திரும்பத் திரும்பத் தேய்த்து மெருகேற்றியது. செம்பர் காலத்திலும் இதுவேதான் என்பதால், மறுபடி கட்டும்போதும் உண்மைப் பளிங்கை வைக்காமல், வழக்கொழிந்துகொண்டிருந்த அந்த வேலையைக் கைவினைஞர்கள் கற்றுக்கொண்டு செய்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது, விலை உயர்ந்த கல்லை வாங்கிப் பதிப்பதைவிட இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

எங்கள் காரைக்குடி வீட்டுச் சுவரும் இப்படித்தான், சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து கண்ணாடி போலத் தேய்த்திருப்பார்கள் என்று வழிகாட்டியிடம் சொன்னேன். வகுப்புக்கு வெளியே நான் பேசிய முதல் நீளமான ஜெர்மன் அதுதான். அவர் விடவில்லை, எத்தனை பூச்சு, எதை வைத்துத் தேய்ப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். இந்த ஊரில் என்னிடம் ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

அரங்கத்துக்குள் மேடைக்கு மேலே ஒரு கடிகாரம், முள் கிடையாது. இடப்பக்கம் ரோமன் எண்ணில் மணி, வலப்பக்கம் நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண் மாறும். அது மாறுகிற நொடிக்காகக் கேமராவைத் தூக்கிப் பிடித்தபடியே காத்திருந்து எடுத்தேன். மங்கலான வெளிச்சம், கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200 வரை ஏற்றியும் எண் கலங்கலாகத்தான் விழுந்தது, ஆனாலும் அந்தப் படம் எனக்குப் பிடித்திருக்கிறது.

போகிறவர்களுக்கு: ஆங்கிலத்திலும் டூர் உண்டு. ஒத்திகை இருக்கும் நாட்களில் டூர் நேரம் மாறும், முன்னாலேயே பார்த்துவிட்டுப் போங்கள். படம் எடுக்க அனுமதி வேண்டுமா என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். அப்புறம், தூணைத் தொடச் சொன்னால் கட்டாயம் தொட்டுப் பாருங்கள்.