தெரிந்தே செய்வது

சிகரெட் பெட்டியின் மேல் புண்ணாகிப்போன வாயின் படம். அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டே ஒன்றை உருவுகிறார் ஒருவர். படிக்கத் தெரியாதவர் இல்லை. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டால், ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1950-லேயே ஆய்விதழில் எழுதிவிட்டார்கள். இன்றும் உலகில் ஆண்டுக்கு 70 லட்சம் பேருக்கு மேல் புகையிலையால் சாகிறார்கள்.

அப்புறம் எதற்கு "விழிப்புணர்வு போதாது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம்? தகவலுக்கா பஞ்சம்? சுகம் இப்போதே கிடைக்கிறது, கேடு இருபது வருடம் கழித்து வருகிறது. அப்போது படுக்கையில் கிடக்கப்போவது வேறு யாரோ என்றுதான் மனசு கணக்குப் போடுகிறது.

இதைவிடச் சிக்கல், தடுத்துவிட்ட கேடு கண்ணுக்கே தெரியாது என்பது. ஈயம் கலந்த பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். 1924-லேயே அதன் சேர்மானத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் நஞ்சேறிச் செத்தார்கள். கார்களுக்கு அதை விற்பதைக் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல். நிறுத்தியதால் மூளை கெடாமல் தப்பிய குழந்தை எதுவென்று யாரால் காட்ட முடியும்? விற்றவனுக்கோ அத்தனை வருடமும் கல்லா நிறைந்தது. அதனால் எல்லாப் பழியையும் தனி ஆளின் மனக்கட்டுப்பாட்டின் மேல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

காரில் இன்று நாம் மாட்டும் சீட் பெல்ட் 1959-ல் வந்தது. சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970-ல் கட்டாயமாக்கி, மாட்டாதவர்களுக்கு அபராதம் போட்டது. அதன்பிறகுதான் மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாகச் சட்டம் கொண்டுவந்தன.