இரும்புச் சுத்தியலின் டைம் அவுட்

என் வலது கை மோதிரவிரல் கொஞ்சம் கோணலாக இருக்கும். வாலிபாலில் பிளாக் போடப் போய், அதாவது எதிராளி அடிக்கும் பந்தை வலைக்கு மேலே கையால் தடுக்கப் போய், வாங்கியது. கல்லூரி டீமில் இருந்தபோது ஆட்டத்தை நிறுத்திப் பேச கோச் டைம் அவுட் கேட்டாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். முப்பது நொடியும் திட்டுதான். அதனாலோ என்னவோ, டிவியில் வாலிபால் ஓடினால் என் கண் முதலில் கோச்சைத்தான் தேடும்.

சீனப் பெண்கள் அணியின் கோச்சாக இருந்த லாங் பிங் அப்படித்தான் பிடித்துப்போனார். 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதி. எதிரே பிரேசில். 2008, 2012 இரண்டிலும் தங்கம் வாங்கிய அணி, சொந்த ஊர்க் கூட்டம், லீக் ஆட்டங்களில் ஒரு செட்கூட விடவில்லை. சீனாவோ ஐந்து ஆட்டங்களில் மூன்றைத் தோற்று, தட்டுத் தடுமாறி உள்ளே வந்திருந்தது. முதல் செட் 15-25. சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன்.

டைம் அவுட்டில் அந்த அம்மா கத்தவே இல்லை. பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்பது மாதிரி ஏதோ சொன்னார். லியூ சியாவ்தோங் என்ற ஆட்டக்காரியை இறக்கினார். அணியின் நட்சத்திரம் ஜூ டிங் ஒரு பக்கம் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியான ஐந்தாவது செட் 15-13 என்று சீனாவுக்கு. அப்புறம் நெதர்லாந்தையும் செர்பியாவையும் வென்று தங்கம்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸில் ஆட்டக்காரியாகத் தங்கம் வாங்கியவரும் லாங் பிங்தான். அடிக்கிற அடியைப் பார்த்து 'இரும்புச் சுத்தியல்' என்று பெயர் வைத்தார்கள். ஆடியும் பயிற்சி கொடுத்தும் ஒலிம்பிக் வாலிபால் தங்கம் வென்றது இவர்தான் முதலில்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 2008 ஒலிம்பிக். நடந்தது பெய்ஜிங்கில்; இவர் வளர்ந்த ஊர். ஆனால் உட்கார்ந்திருந்தது அமெரிக்க பெஞ்சில், அவர்கள் கோச்சாக. லீக் ஆட்டத்தில் சீனாவை 3-2 என்று வென்றார். சொந்த ஊரில், சொந்த நாட்டைத் தோற்கடித்துவிட்டு வீட்டுக்குப் போன் போட எப்படி மனசு வந்திருக்கும்? எங்கள் ஊர் டீமை விட்டுப் பக்கத்து ஊருக்கு ஒரே ஒரு டோர்னமென்ட் ஆடியதற்கே என்னோடு ஆறு மாதம் பேசாதவர்கள் உண்டு.

அந்த அமெரிக்க அணி வெள்ளி வாங்கியது. 2013-இல் மறுபடி சீனாவே இவரைக் கூப்பிட்டுக்கொண்டது.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் சீனாவுக்கு முதல் மூன்று ஆட்டமும் போனது. ஜூ டிங்குக்கு மணிக்கட்டில் காயம். கடைசி இரண்டை வென்றும் காலிறுதி கிடைக்கவில்லை. அர்ஜென்டினாவோடு ஆடிய கடைசி ஆட்டத்தை நான் முழுதாகப் பார்த்தேன். அதிலும் அவர் கத்தவில்லை.