மூன்று செல் கனம்

"ஏனுங்க டாக்டர், புற்றுங்களா இல்லீங்களா? ஒரே வார்த்தையில சொல்லீருங்க."

போனில் குடல்நோய் மருத்துவர் கேட்டார். ஊசியால் எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் நோயியல் மருத்துவர் நான். "இந்தத் திசுவை வெச்சு சொல்ல முடியாதுங்க" என்றேன். மருத்துவப்படி சரியான பதில். முழு உண்மைதானா என்பதில் இன்னும் தெளிவில்லை.

கல்லீரலில் 1.8 செ.மீ. கட்டி. சி.டி.யில் தமனிக் கட்டத்தில், அதாவது ஏற்றிய மருந்து தமனி வழியே வரும்போது, பளிச்சென்று தெரிந்தது. பிறகு அந்தப் பளிச்சு மங்கும் வாஷ்-அவுட் இல்லை. இரண்டும் சேர்ந்திருந்தால், தழும்பேறிய சிரோசிஸ் கல்லீரலில் புற்று என்று சொல்ல ஊசியே வேண்டியிருக்காது. வந்ததோ நூல் போல ஒரு துண்டு. செல்கள் நெருக்கம், ஊடே கொழுப்பு. புற்றுக்கு முந்தைய நிலையான டிஸ்பிளாஸ்டிக் முடிச்சா, ஆரம்பநிலைப் புற்றா?

செல் வரிசைகளைத் தாங்கும் இழைகளை வெள்ளியால் கறுப்பாக்கிக் காட்டும் ரெட்டிகுலின் சாயம் போடச் சொன்னேன். நல்ல கல்லீரலில் செல் வரிசை ஒன்றிரண்டு செல் கனம்தான். ஓரங்களில் கறுப்பு இழை. மூன்று செல்லுக்கு மேல் தடித்து இழையும் அறுந்திருந்தால் சந்தேகம் புற்றின் பக்கம் சாயும். முதல் ஸ்லைடு முழுக்கக் கறுப்புத் தூள். கண்ணாடிச் சாமானைக் குழாய்த் தண்ணீரில் அலசியிருந்தார்கள். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம். வெள்ளிக் கரைசலுக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் ஆகும். இரண்டாவதில் வெள்ளிக் கரைசலில் விடும் அம்மோனியா கூடிப்போச்சு. படிவு கரையும் சொட்டோடு நிறுத்தாவிட்டால் இழை சாயம் ஏற்காது. மூன்றாவது சரியாக வந்தது: ரத்தக்குழாய்கள் ஓடும் போர்ட்டல் பகுதியில் நல்ல கறுப்பு, முடிச்சில் அறுந்தறுந்து. ஆனால் கொழுப்பு படிந்த இடத்தில் புற்றில்லாமலே ரெட்டிகுலின் குறையும். அங்கேதான் நின்றுவிட்டேன்.

அடுத்து, புற்றில் கூடுதலாகத் தெரியும் புரதங்களுக்கான மூன்று சாயங்கள்: கிளிப்பிகன்-3, எச்.எஸ்.பி.70, குளுட்டமைன் சிந்தடேஸ். மூன்றில் இரண்டு பாசிட்டிவ் என்றால் துணிந்து எழுதியிருப்பேன். ஆனால் திசுவை மெழுகில் பதித்த பிளாக்கை ஒவ்வொரு முறையும் மெல்லிசாகச் சீவும் மைக்ரோடோமில் மாட்டி முகம் சமன்செய்ததிலேயே திசு தீர்ந்து, மெழுகுதான் மிச்சம்.

ரிப்போர்ட்டில் "திசு போதவில்லை" என்று எழுதினேன். போதாமல் வந்ததா, நாங்கள் போதாமல் ஆக்கினோமா என்று அந்த வரி காட்டாது. மறுபடி ஊசி என்றால் ரத்தக்கசிவு, ஊசித்தடத்தில் செல் ஒட்டும் பயம். அந்த மருத்துவர் மறுபடி ஊசி போடாமல் காத்திருந்தார். மூன்று மாதம் கழித்து ஸ்கேனில் வாஷ்-அவுட்டும் தெரிந்தது. ஊசியில்லாமலே சிகிச்சை தொடங்கினார்கள். அந்த மூன்று சாயமும் போட்டிருந்தாலும் இப்படி எல்லைக்கோட்டில் நிற்கும் கட்டியில் விடை கிடைக்காமல் போயிருக்கலாம். நிஜம்தான். ஆறுதலுக்கு நான் பிடித்துக்கொள்வதும் அதையேதான்.

இப்போதெல்லாம் கல்லீரல் ஊசித் திசு வந்தால், ஒரே மாட்டலில் சாயமேற்றாத ஆறு ஸ்லைடு சேர்த்து வெட்டி வைக்கச் சொல்கிறேன். "பாதிக்கு மேல டப்பாவுலயே கெடக்குதுங் மேடம்" என்கிறார் டெக்னீசியன் அண்ணன். வெட்டி வைத்தது நாளாக ஆக, சாயம் பற்றும் புரதமான ஆன்டிஜென் மங்கும் என்பது அவருக்கும் தெரியும். வேண்டாத நாளில் வெட்டிய அந்த ஆறும் அதே பிளாக்கிலிருந்துதான் போகிறது.