மண், மொழி, மக்கள்

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் 1972-ல் தொடங்கிய வார இதழ் 'வெஸ்ட் ஹைலேண்ட் ஃப்ரீ பிரஸ்'. அதன் முழக்கம் கேலிக் மொழியில்: மண், மொழி, மக்கள். 19-ஆம் நூற்றாண்டு நிலப் போராட்டத்திலிருந்து எடுத்தது. நம்மூர்ச் சுவரெழுத்து மாதிரியே இருக்கிறது!

அந்தப் பக்கம் ஊர்ச் செய்தி என்றால் நிலம் வராமல் இருக்காது. பக்கத்து எய்க் தீவு வெகுகாலம் தனியார் சொத்தாகக் கைமாறிக்கொண்டே இருந்தது. 1997-ல் தீவுவாசிகள் நன்கொடை திரட்டி, அறக்கட்டளை வழியாக அதையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். அப்புறம் 2008-ல் காற்று, வெயில், ஓடைநீரில் சொந்த மின்சாரம். வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்தான்.

எங்கள் வீட்டு ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் சேர்ந்து ஓடுவதை நினைத்துப் பார்த்தேன். சரி, நமக்கு அந்தத் தீவு தாங்காது.